பேப்பர்ல பன்னெண்டு, நெட்ல பதினொண்ணு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ரெண்டாவது இட்லி உள்ளே போயிட்டிருக்கும்போது வாசல்ல ஒரு குரல். "அண்ணா, இருக்கீங்களா?"

எங்க தெருவுல நாலு வீடு தள்ளி இருக்கிற பொண்ணு. சிப்காட் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில ரெண்டு வருஷமா டிசைனர். வீட்டுல தெலுங்கு, பள்ளிக்கூடத்துல படிச்சது தமிழ், கடைக்கு வர்ற பாதிப் பேர்கிட்ட கன்னடம். ஜூஜுவாடியில இதெல்லாம் ஒரு பெருமையே கிடையாது. ரோட்டைத் தாண்டினா அத்திப்பள்ளி, அது கர்நாடகா. இங்கே நாய்க்குக்கூட மூணு மொழியில போடான்னா புரியும் :-)

"பெங்களூர்ல ஒரு டிசைன் கம்பெனியில கூப்பிட்டிருக்காங்கண்ணா. போர்ட்ஃபோலியோ கேக்குறாங்க. லிங்க் முன்னாடியே அனுப்பணுமாம், நேர்ல வரும்போது பிரிண்ட்லயும் கொண்டு வரணுமாம். பத்து நாள்தான் இருக்கு. எப்படிண்ணா பண்றது?"

கேட்டதும் சிரிப்பு வந்துடுச்சு. அவளைப் பார்த்து இல்லைங்க, என்னை நினைச்சு. இதே கேள்வியோட 2007-ல நான் அலைஞ்ச அலைச்சல் அப்படி. கொஞ்சம் சுயபுராணம் வரும், பொறுத்துக்கோங்க.

அப்போ நான் செக்போஸ்ட் பக்கத்துல ஒரு டி.டி.பி. கடையில இருந்தேன். லாரிக்காரங்களுக்கு ஜெராக்ஸ், ஃபாரம். நடுநடுவுல கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, சிப்காட் சின்னக் கம்பெனிகளுக்கு ஸ்டிக்கர், சந்திரசூடேஸ்வரர் தேர்த் திருவிழா வந்தா நோட்டீஸ். (2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்து வணிகவரி செக்போஸ்ட்டை எடுத்தாங்க. அந்த ஜெராக்ஸ் வியாபாரமும் அதோட போச்சு. அது தனிக்கதை.)

எலக்ட்ரானிக் சிட்டியில ஒரு ஆபீஸ்ல டிசைனர் வேணும்னு கேள்விப்பட்டு போன் போட்டேன். "போர்ட்ஃபோலியோ எடுத்துட்டு வாங்க"ன்னாங்க. அந்த வார்த்தையையே அன்னைக்குத்தான் கேக்குறேன். முதலாளிகிட்ட கேட்டா, "கல்யாண ஆல்பம் மாதிரி ஏதோ இருக்கும்டா"ன்னார். சரின்னு கையில கிடைச்சது எல்லாத்தையும் சேர்த்தேன். எழுபது டிசைன். பிளாஸ்டிக் உறை வச்ச ஃபைல்ல சொருகிட்டேன். கோரல் டிரா ஃபைல்களை அப்படியே ஒரு சி.டி.யில எழுதிக்கிட்டேன்.

உள்ளே ஒரு அம்மா, தமிழ்க்காரங்கதான். முதல்ல சி.டி.யைப் போட்டாங்க. நான் பாத்துப் பாத்துச் செஞ்ச கல்யாணப் பத்திரிகை திறந்துச்சு. தமிழ் எழுத்து ஒண்ணுகூட இல்லை. முழுக்க ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமா, கம்ப்யூட்டர் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டுற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு நாங்க வச்சிருந்ததெல்லாம் பாமினி வகையறா எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத மெஷின்ல திறந்தா இதுதான் கதி. அனுப்புறதுக்கு முன்னாடி எழுத்தையெல்லாம் 'கர்வ்ஸ்' ஆக்கணும், இல்லேன்னா எழுத்துருவையும் உள்ளே சேர்த்த பி.டி.எஃப்.பாக் கொடுக்கணும். ரெண்டும் எனக்குத் தெரியும். தினமும் பிரஸ்ஸுக்கு அனுப்புறப்போ செய்யுற வேலைதான். என் சொந்த விஷயத்துக்குச் செய்யத் தோணலை.

அடுத்து ஃபைல். மானிட்டர்ல பளிச்சுனு நீலமா இருந்த ஸ்டிக்கர், பேப்பர்ல கத்திரிக்காய் கலருக்கு வந்திருந்துச்சு. திரை வெளிச்சத்துல கலர் காட்டுது, ஆர்.ஜி.பி. பேப்பர்ல மை, சி.எம்.ஒய்.கே. அந்த மாதிரி நீலத்தை மாத்தும்போது சியானும் மெஜந்தாவும் கிட்டத்தட்ட சமமா விழுந்தா ஊதாதான் கிடைக்கும். மெஜந்தாவைக் கையால குறைக்கணும். இதுவும் தெரிஞ்ச விஷயம்தான்.

அவங்க பொறுமையா எழுபதையும் புரட்டினாங்க. கடைசியில ஒரே கேள்வி: "இதுல நீங்க செஞ்சது எது?"

பிள்ளையார் கிளிப் ஆர்ட் சி.டி.யில இருந்தது. பார்டர் இன்னொரு சி.டி. ரோஜாப் பூ நெட்ல எடுத்தது. நான் "எல்லாமே நான் செஞ்சதுதான் மேடம்"னு சொன்னேன். எனக்கே நம்பிக்கை வரலை.

"தம்பி, எழுபது காட்டினீங்க. எனக்கு ஒண்ணுகூட ஞாபகத்துல நிக்கலையே"ன்னாங்க. திட்டலை, வருத்தமாத்தான் சொன்னாங்க. பஸ்ல பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளின்னு வரிசையா போர்டு பாத்துக்கிட்டே நின்னுட்டு வந்தேன்.

மறுநாள் கடையில மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தேன். முதலாளிக்கு சொந்த ஊர் சாத்தூர். அலமாரி மேலே இருந்து ஒரு தடி ஆல்பத்தை எடுத்து டேபிள்ல போட்டார். சிவகாசி காலண்டர் ஆல்பம்!

உங்களில் பலர் பாத்திருப்பீங்க. ஒவ்வொரு வருஷமும் ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருஷக் காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தைச் சிவகாசியில வெளியிடுவாங்க. ஏஜெண்டுங்க அதைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய் நகைக்கடை, ஜவுளிக்கடை, பேங்க்குனு ஆர்டர் பிடிப்பாங்க. முருகன், லட்சுமி, குழந்தை, இயற்கைக் காட்சின்னு ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கும். கோவில்பட்டி கொண்டைய ராஜு (1976-ல காலமானார்) மாதிரி ஓவியர்கள் வரைஞ்ச சாமி படங்கள் தமிழ்நாட்டுப் பூஜையறைக்கெல்லாம் போனதுக்குப் பின்னாடி இந்தக் காலண்டர் வியாபாரம்தான் இருந்துச்சு.

"ஏஜெண்டு எப்படிக் காட்டுவான் தெரியுமா?"ன்னார் முதலாளி. "வந்தவுடனே புரட்ட மாட்டான். நீங்க என்ன கடை, யாருக்குக் கொடுக்கப் போறீங்கன்னு கேப்பான். கேட்டுட்டு அதுக்கு ஏத்த பத்தை மட்டும் காட்டுவான். நீ எல்லாத்தையும் கொட்டிட்டு வந்திருக்கே."

ரெண்டாவது போர்ட்ஃபோலியோ செய்ய எனக்கு எட்டு மாசம் ஆச்சு. இந்தத் தடவை பன்னெண்டே பக்கம். அதுல ரெண்டைச் சொல்றேன்.

ஒண்ணு, ரோஜா ஏத்துமதி பண்ற தோட்டக்காரர் ஒருத்தருக்குச் செஞ்ச அட்டைப்பெட்டி. ஓசூர் ரோஜா காதலர் தினத்துக்கு வெளிநாடெல்லாம் போறது தெரிஞ்சதுதானே. அவர் கேட்டது இதழ் இதழா, பனித்துளியோட ரோஜா. அந்தப் பழுப்பு அட்டையில அடிச்சா கலர் மங்கும், மெல்லிசு கோடெல்லாம் மை அடைச்சுக்கும். ரெண்டே கலர்ல, தடிமனான கோட்டுல ஒரே ஒரு பூவும், எந்தப் பக்கம் மேலேன்னு தூரத்துல இருந்தே தெரியுற அம்புக்குறியும் போட்டேன். அதை ஏன் அப்படிச் செஞ்சேன்னு என்னால சொல்ல முடிஞ்சுது.

இன்னொண்ணு, பிரஸ் மெஷின்ல கை வைக்காதேன்னு ஒரு எச்சரிக்கை போர்டு. முதல்ல தமிழ், கன்னடம், தெலுங்கு, ஹிந்தின்னு நாலு மொழியில அடிச்சுக் கொடுத்தோம். ஒருநாள் டெலிவரிக்கு நானே போனப்போதான் பாத்தேன், மெஷின் முன்னாடி நிக்கிறவங்க யாரும் அதைப் படிக்கிறதே இல்லை. எழுத்து அவ்வளவு சின்னது. அப்புறம் நானே கேட்டு, கையும் அச்சும் மட்டும் வரைஞ்சு, மொழியெல்லாம் கீழே ஒரு வரியா மாத்தினேன். என் வாழ்க்கையில உருப்படியா செஞ்ச முதல் டிசைன் அதுதான்னு இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா போர்ட்ஃபோலியோவுல வைக்கப் போறேன்னு கேட்டப்போ அந்தக் கம்பெனிக்காரர் ஒத்துக்கலை. "இதைப் பாத்தா எங்க ஷெட்ல விரல் போகுதுன்னுல்ல நினைப்பாங்க"ன்னார். கம்பெனி பேர், லோகோ எல்லாத்தையும் எடுத்துட்டு வைக்கிறேன்னேன். அரைமனசா தலையாட்டினார்.

அடுத்த வருஷம் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில ஆர்ட்வொர்க் வேலை கிடைச்சுது. இன்னைக்கும் பொழைப்பு அதுலதான் ஓடுது.

சரி, மேட்டருக்கு வருவோம். அந்தப் பொண்ணு போன்ல ஐம்பத்து மூணு படம் வச்சிருந்தா. அரசியல் பேனர், பிறந்தநாள் பேனர், காதுகுத்து, சலூன் விலைப்பட்டியல். பாதிக்கு மேல நெட்ல கிடைக்கிற டெம்ப்ளேட்ல பேர் மாத்தினது. எனக்குக் கோபம் வரலை. 2007-ல என் கிளிப் ஆர்ட் சி.டி.க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒவ்வொரு படத்துக்கும் நாலு கேள்வி கேட்டேன். யாருக்காகச் செஞ்சே? அவங்களுக்கு என்ன பிரச்சினை? அதுல உன் கை பட்டது எது? அதுக்கப்புறம் என்ன ஆச்சு? பதில் இல்லாததை ஓரமா வச்சோம். சாயந்திரத்துக்குள்ள ஐம்பத்து மூணு பத்தொன்பது ஆச்சு, ராத்திரி பன்னெண்டு ஆச்சு.

அவளுக்கு உதயகுமார் கதையையும் சொன்னேன். கள்ளக்குறிச்சிக்காரர், ரூபாய்ச் சின்னத்தை வடிவமைச்சவர். ஐ.ஐ.டி. பம்பாயில தமிழ் எழுத்து வடிவங்கள் பத்தி முனைவர் ஆய்வு செஞ்சவர். மூவாயிரத்துக்கு மேல வந்த வடிவங்கள்ல கடைசி அஞ்சுக்குள்ள வந்து, 2010 ஜூலை 15 அன்னைக்கு அவரோடது தேர்வாச்சு. தேவநாகரி 'ர', ஆங்கில ஆர், மேலே தேவநாகரியோட தலைக்கோடு, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல வெள்ளை விட்டு தேசியக்கொடின்னு ஒவ்வொரு கோட்டுக்கும் அவர்கிட்ட காரணம் இருந்துச்சு. "நல்லாருந்துச்சுன்னு போட்டேன்"னு சொல்றதை விட இப்படிச் சொல்றது எவ்வளவு பலம்னு அவளுக்குப் புரிஞ்சுது.

அப்புறம் வேலை வேலைதான். யாருக்காவது உதவும்னு எழுதி வைக்கிறேன்:

பேப்பருக்கு: ஏ4-க்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் விட்டா 216-க்கு 303. படமெல்லாம் 300 டி.பி.ஐ., அதாவது முழுப்பக்கம்னா 2480-க்கு 3508 பிக்சலாவது இருக்கணும். சின்ன எழுத்துக்கு வெறும் கறுப்பு மட்டும், நாலு கலரையும் கலந்து கறுப்பு பண்ணினா கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்துக்கு நிழல் விழும். டிஜிட்டல் பிரிண்ட் கடையில 12-க்கு 18 இன்ச் ஷீட்தான் ஓடும். ரெண்டு ஏ4-ஐ பக்கத்துல பக்கத்துல வச்சா ப்ளீட்டோட சரியா உட்காரும். சென்டர் பின் அடிக்கிறதா இருந்தா பக்கம் நாலின் மடங்கா வரணும். மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஷீட் அடிச்சு, வெளியே கொண்டு வந்து வெயில்ல பாருங்க. கடை ட்யூப்லைட் வெளிச்சத்துல எல்லாமே அழகு.

நெட்டுக்கு: அதே ஃபைலைத் தூக்கிப் போடக்கூடாது. மறுபடி ஆர்.ஜி.பி., அகலம் 1600 பிக்சல் போதும். பாக்குறவங்க பாதிப்பேர் போன்லதான் பாப்பாங்க, அதனால ஏ4 பக்கத்தை அப்படியே காட்டாம, பொருளை முழுசா ஒண்ணு, நுணுக்கமா ஒண்ணுன்னு தனித்தனியா. விளக்கத்தைப் படத்துக்குள்ள எழுதாம யூனிகோட்ல எழுத்தாவே எழுதணும், அப்போதான் தேடினா கிடைக்கும். யூனிகோட்ல தமிழ் 1991-லேயே வந்தாச்சு, தமிழக அரசும் 2010 ஜூன்ல யூனிகோடை ஏத்துக்கிச்சு. ஆனா பேஜ்மேக்கருக்கு அது புரியாதுன்னு நாமதான் பாமினியைக் கட்டிக்கிட்டு அழுதோம். இன்னைக்கு முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், மீரா இனிமைன்னு இலவசமா நல்ல தமிழ் எழுத்துருக்கள் கிடைக்குது. அப்புறம், லிங்க்கை உங்க போன்ல திறந்து பாத்துட்டு திருப்திப்படாதீங்க. அடுத்தவங்க போன்ல திறந்து பாருங்க.

ஒரு எச்சரிக்கை: 2009-ல பாட்டெல்லாம் வச்சு ஃப்ளாஷ்ல ஒரு போர்ட்ஃபோலியோ தளம் பண்ணினேன். ஒரு மாசம் தூக்கமில்லாத உழைப்பு. ஃப்ளாஷையே 2020 கடைசியோட மூடிட்டாங்க. அந்தத் தளம் இப்போ எதுலயும் ஓடாது. பன்னெண்டு பக்கப் பேப்பர் ஆல்பம் மட்டும் அலமாரியில அப்படியே இருக்கு. மூலையில கொஞ்சம் கரையான்.

உரிமை விஷயமும் சொன்னேன். பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-ன்படி வேலையில இருக்கும்போது அந்த வேலையா செஞ்சதுக்கு, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லேன்னா, முதல் உரிமை முதலாளிக்குத்தான். செஞ்சது நான்தான்னு சொல்லிக்கிற உரிமையைப் பிரிவு 57 நமக்குத் தருது. ஆனா 'நான் செஞ்சேன்'னு சொல்றது வேற, ஊரைக் கூட்டிக் காட்டுறது வேற. அதனால கேட்டுட்டுப் போடும்மான்னேன். அவ முதலாளி நல்ல மனுஷன், "கடை பேரையும் போடு"ன்னு மட்டும் சொன்னாராம்.

பன்னெண்டுல ஒண்ணு மட்டும் பாக்கி. அது ஒரு கண்ணீர் அஞ்சலி.

எங்க ஏரியாவுல ஹைவே தாண்டும்போது வண்டியில அடிபட்டுப் போன ஒரு பையன். பத்தொன்பது வயசு. நண்பர்கள் கூட்டமா கடைக்கு வந்து, கூலிங் கிளாஸ், பைக், பின்னாடி மேகம், புறா எல்லாம் வேணும்னாங்களாம். இவ அந்த அம்மாகிட்ட போய் ஒரு போட்டோ கேட்டிருக்கா. அவங்க கொடுத்தது, வாலிபால் கையில வச்சுக்கிட்டு பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல அவன் சிரிக்கிற படம். அதை மட்டும் வச்சு, கீழே பேர், பிறந்த தேதி, இறந்த தேதி. தமிழ்ல ஒரு வரி, அத்திப்பள்ளிப் பக்கத்துச் சொந்தக்காரங்களுக்காகக் கன்னடத்துல ஒரு வரி. மீதி எல்லாம் வெள்ளை. "இவ்வளவு இடத்தைக் காலியா விட்டா எவன் காசு கொடுப்பான்?"னு முதலாளி திட்டினாராம். ஆனா அந்தப் பசங்க அதைப் பாத்துட்டு ஒண்ணுமே பேசாம வாங்கிட்டுப் போனாங்களாம்.

பன்னெண்டுலயும் அதுதான் உசத்தின்னு எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுது. அவளுக்கும் தெரியும். அதனாலதான் கடைசியா காட்டினா.

"அவங்க அம்மாகிட்ட கேட்டியா?"

"பயமா இருக்குண்ணா. நீங்களும் வாங்க."

போனோம். அவங்க வாசல்ல உட்கார்ந்து பூ கட்டிக்கிட்டிருந்தாங்க. இவ தரையில உட்கார்ந்து, தெலுங்கும் தமிழுமா மெதுவா விஷயத்தைச் சொன்னா. வேலைக்குப் போறேன், நான் செஞ்ச வேலையெல்லாம் காட்டணும், தம்பியோட படத்தையும் காட்டலாமான்னு. அவங்க கை நிக்கலை, பூ கட்டிக்கிட்டே கேட்டாங்க.

"கம்ப்யூட்டர்ல போட்டா யார் யார் பாப்பாங்க?"

இவ பொய் சொல்லலை. "யார் வேணும்னாலும் பாக்கலாம் அத்த."

"அப்ப வேணாம். செவுத்துல பதினாறு நாள் இருந்தான், போதும். தெரியாதவங்க எல்லாம் பாக்க வேணாம்."

இவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு சரின்னா. எழுந்திருக்கப் போறோம், அவங்களே கேட்டாங்க. "பேப்பர்ல அடிச்சும் எடுத்துட்டுப் போறேன்னியே, அது எப்படி?"

"அது என் கையிலயே இருக்கும் அத்த. நான் திறந்து காட்டினாத்தான் பாப்பாங்க. அப்புறம் நானே எடுத்துட்டு வந்துடுவேன்."

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "நீ பக்கத்துல இருந்து காட்டுறதுன்னா காட்டு. யாருன்னு கேட்டா நல்லபடியா சொல்லு."

இத்தனை வருஷமா பேப்பருக்கும் நெட்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா சி.எம்.ஒய்.கே., ஆர்.ஜி.பி., 300, 72-ன்னு ஒப்பிச்சுக்கிட்டிருந்தவன் நான். கம்ப்யூட்டரையே தொடாத அந்த அம்மா வாசல்ல உட்கார்ந்தபடியே வேற ஒரு வித்தியாசத்தைச் சொல்லிட்டாங்க. பேப்பர்ல இருக்கிறதைக் காட்ட ஒரு ஆள் கூடவே போகணும். எதைக் காட்டணும், எப்போ மூடணும்னு அந்த ஆள் தீர்மானிக்கலாம். நெட்ல போட்டது தனியாப் போயிடும், பின்னாடியே போய் நாம எதுவும் சொல்ல முடியாது. என் எச்சரிக்கை போர்டுக்கு அந்தக் கம்பெனிக்காரர் தயங்கினதும் கிட்டத்தட்ட இதனாலதான்னு இப்போ தோணுது. அன்னைக்கு அவர் மேலே எனக்கு ரொம்பக் கோபம்.

அதனால லிங்க்ல பதினொண்ணு, பேப்பர்ல பன்னெண்டு. கணக்கு இடிக்குதேன்னு நான் வேற ஒண்ணைச் சேர்க்கச் சொன்னேன். வேணாம்ணா, அப்படியே இருக்கட்டும்னுட்டா.

இன்டர்வியூவுல ரெண்டு பேர் இருந்தாங்களாம். கடைசிப் பக்கம் வந்ததும் ஒருத்தர், "இது லிங்க்ல இல்லையே?"ன்னு கேட்டிருக்கார். இவ நடந்ததைச் சொல்லியிருக்கா. அவர் கொஞ்ச நேரம் பாத்துட்டு, அவரே ஆல்பத்தை மூடிக் கையில கொடுத்தாராம். மூணு மாசம் டிரெய்னியா வரச் சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் எப்படின்னு பாக்கலாம்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அன்னைக்கு நாங்க கிளம்பும்போது அந்த அம்மா கூப்பிட்டு, "எனக்கும் ஒண்ணு அடிச்சுத் தருவியா? செவுத்துல இருந்தது மழையில போயிடுச்சு"ன்னாங்க. அதனால பன்னெண்டு ஷீட்ல அது மட்டும் ரெண்டு காப்பி. 300 ஜி.எஸ்.எம்., மேட் லேமினேஷன். அவங்க காப்பிக்கு ஃபிரேம் நான் போட்டுக் கொடுத்தேன்.